துப்பாக்கிக் குண்டின் வேகத்தைச் சொன்ன மரக்கட்டை

மீட்சியற்ற மோதல் கணக்கு வந்தால், உந்தமும் மாறாது, இயக்க ஆற்றலும் மாறாது என்று இரண்டு சமன்பாடுகளையும் எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. இரண்டில் ஒன்றுதான் சரி. எது என்று தெரிந்துகொள்ள கொஞ்சம் வரலாறு பார்ப்போமா?

1644-இல் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தே, உலகின் மொத்த இயக்க அளவு மாறாது என்றார். நிறையை வேகத்தால் பெருக்கினால் அந்த அளவு. ஆனால் திசையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சம நிறையுள்ள இரண்டு களிமண் உருண்டைகள் ஒரே வேகத்தில் எதிரெதிரே வந்து ஒட்டிக்கொண்டால் அப்படியே நின்றுவிடும். அவர் கணக்குப்படி, அந்த இயக்கமெல்லாம் எங்கே போனது?

1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி மோதல் விதிகளைக் கேட்டபோது ரென், ஹைகன்ஸ் இருவரும் மோதித் திரும்பும் பொருட்களை ஆராய்ந்தார்கள். ஒட்டிக்கொள்ளும் பொருட்களை எடுத்துக்கொண்டவர் ஜான் வாலிஸ். ஒரு திசைக்குக் கூட்டல் குறி, எதிர்த்திசைக்குக் கழித்தல் குறி. அவ்வளவுதான்! உருண்டைகளின் மொத்த உந்தம் மோதும் முன்பே பூஜ்யம், பின்பும் பூஜ்யம்.

இந்த விதியை ஆயுதக் களத்துக்குக் கொண்டுபோனவர் ஆங்கிலேயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் வெளியான நூலில் ஓர் ஊசலை விவரித்தார். தொங்கும் மரக்கட்டையில் குண்டு புதைய, கட்டை ஆடும். ஆட்டத்தை ஒரு நாடா அளக்கும்.

எளிதாக்கி ஒரு கணக்கு. 10 கிராம் குண்டு புதைந்தபின் கட்டையும் குண்டும் சேர்ந்து 2 கிலோ. அது சுமார் 20 செ.மீ உயர்ந்தால், மோதியவுடன் வேகம் நொடிக்கு 2 மீட்டர். உந்தம் 4. அதை 0.01-ஆல் வகுத்தால் குண்டின் வேகம் நொடிக்கு 400 மீட்டர்.

மோதலில் இயக்க ஆற்றலும் மாறாது என்று வைத்தால்? விடை வெறும் 28 மீட்டர்! வேகப்பந்து வீச்சாளரின் பந்தே அதைவிட விரைவாகப் போகும். உண்மையில் 800 ஜூலில் 4 ஜூல்தான் இயக்கமாக மிஞ்சியது. மீதி 796 மரத்தைப் பிளப்பதிலும் வெப்பத்திலும் போய்விட்டது. உந்தம் மட்டும் அப்படியே இருந்தது.

குண்டின் வேகம் தெரிந்ததும், அதன்மீது காற்றின் தடை எவ்வளவு பெரியது என்பதும் தெரிந்தது. கணித மேதை ஆய்லர் 1745-இல் இந்நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

ராபின்ஸ் பின்னர் கிழக்கிந்திய கம்பெனியின் பொறியாளராகக் கோட்டைகளைச் சீரமைக்க இங்கே வந்தார். 1751-இல் காய்ச்சலில் இறந்தார். எங்கே தெரியுமா? நம் கடலூரில், புனித டேவிட் கோட்டையில்.