இளங்கலை மாணவரும் வரலாற்றுக் கட்டுரைப் பரிசும்

கிருட்டினகிரி வழியே பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை, ஓசூரைக் கடந்தவுடன் அத்திப்பள்ளியில் கருநாடக எல்லைக்குள் புகுகின்றது. அங்குத் தொடங்குவது ஆனேக்கல் வட்டம். பொம்மசந்திராவும் ஜிகனியும் எலக்ட்ரானிக் சிட்டியும் இவ்வட்டத்தைச் சார்ந்தவையே. பிழைப்பின் பொருட்டு நம்மவர் பலர் இங்கு வந்து குடியமர்ந்துள்ளனர். அவர்தம் மக்கள் இங்கேயே கல்லூரியிற் பயில்கின்றனர். அம்மக்களுள் வரலாறு கற்போர்க்கு நாம் யாது செய்யக்கூடும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நாம் இம்மண்ணிற்குப் புதியவரல்லேம். நமக்கு முன்னரே தமிழ் இங்கு வந்து கல்லிற் பதிந்துள்ளது. பெங்களூரிலேயே 1837-இல் பிறந்த லூயி ரைசு என்னும் ஆங்கிலேயர், மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளைத் திரட்டி, எபிகிராபியா கர்நாடிகா என்னும் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் 1905-இல் வெளிவந்த ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டத்திற்குரியது. அதில் வட்டந்தோறும் கல்வெட்டுகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஆனேக்கலும் அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளது. கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் அத்தொகுதியில் நிரம்ப உள்ளன.

ஒரு சான்று காண்போம். போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் 1301-ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தான். குந்தாணி இராச்சியம், மாசந்தி நாடு, முரசு நாடு, இலைப்பாக்க நாடு முதலிய பகுதிகளிலுள்ள கோயில்களையும் மடங்களையும் நடத்துவோரை விளித்து, அவற்றின் நிலங்கள்மீது விதிக்கப்பட்ட வரிகளை நீக்கி, அவ்வருவாயைப் பூசைக்கும் திருப்பணிக்கும் விட்டுக்கொடுத்தான். பெங்களூர், கோலார் வட்டாரக் கோயில்கள் பலவற்றில் இவ்வாணை தமிழிலேயே பொறிக்கப்பட்டது. கன்னட நாட்டு வேந்தன், இவ்வட்டாரத்து மக்கள் அறிந்த மொழியில் ஆணையிட்டான் என்பது கருதத்தக்கது. கல்வெட்டு, மொழிப்பூசலுக்கு ஆயுதமன்று. இரு மொழியாரும் ஒரு நாட்டில் கூடி வாழ்ந்ததற்கு அது பத்திரம்.

ஓர் ஆணை பல கோயில்களில் உள்ளதாயின், அப்படிகளுக்குள் வேறுபாடு உண்டா? எந்தெந்த நாடுகள் எந்தக் கல்லிற் குறிக்கப்பட்டுள்ளன? அக்கோயில்களும் கற்களும் இன்று எந்நிலையில் உள்ளன? இவ்வினாக்களுக்கு விடை காணப் பேரறிஞர் வேண்டுவதில்லை. தமிழும் கன்னடமும் படிக்கத் தெரிந்த, கால்நடையாகச் சென்று பார்க்கும் ஊக்கமுடைய இளங்கலை மாணவர் ஒருவர் போதும். அவருக்கு வேண்டுவன பேருந்துக் கட்டணம், படி எடுக்கும் தாளும் மையும், வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர், இவையே.

இச்சிறு உதவி எங்குக் கிடைக்கும்? இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 1972-இல் நிறுவப்பட்டது; அதன் தென்மண்டல மையம் பெங்களூரிலேயே உள்ளது. எனினும், அதன் இளநிலை ஆய்வு உதவித்தொகை, முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்தோர்க்கு உரியது. அறிவியல் மாணவர் நிலை வேறு. 1999-இல் தொடங்கிய கிசோர் வைஞானிக் புரோத்சாகன் யோசனா என்னும் திட்டம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மேற்பார்வையில், பள்ளி இறுதியிலும் இளங்கலைத் தொடக்கத்திலும் பயில்வோரைத் தேர்ந்து உதவித்தொகை அளித்து வந்தது. 2022-இல் அது இன்ஸ்பயர் என்னும் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. கல்லிற் பதிந்ததை ஆயும் மாணவர்க்கும் இத்தகைய கை கொடுப்பார் வேண்டும் அன்றோ?

பாடத்திட்டமும் இதற்கு இடந்தருவதாக இல்லை. கருநாடகம் 2021-இல் நான்காண்டு இளங்கலைப் படிப்பைப் புகுத்தியது. 2024-இல் மூன்றாண்டுப் படிப்பிற்கே திரும்பியது. நான்காம் ஆண்டில் ஆராய்ச்சிக்குக் கிட்டவிருந்த காலமும் இதனாற் குறைந்தது. ஆகவே வகுப்பிற்கு வெளியே வழி தேட வேண்டியதாயிற்று. அவ்வழிகளுள் எளியதும் பழையதும் கட்டுரைப் பரிசே.

மேனாட்டார் இதன் பயனை முன்னரே உணர்ந்தனர். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக் கட்டுரைக்கென இசுடான்கோப் பரிசு 1855-இல் ஏற்பட்டது. பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளராகிய சான் பக்கன், மாணவராயிருந்த 1897-இல் அதனைப் பெற்றார். அங்கேயே ஆர்னால்டு பரிசு பெற்ற சேம்சு பிரைசு என்னும் இளைஞர், தம் கட்டுரையை விரித்துப் புனித உரோமப் பேரரசைப் பற்றிய நூலாக 1864-இல் வெளியிட்டார். நெடுங்காலம் கற்றோர் போற்றிய நூல் அது. பரிசுத் தொகை செலவாகிவிடும். ஆனால் ஒரு பொருளை முடிவு வரை ஆய்ந்து எழுதிய பழக்கம் வாழ்நாள் முழுதும் உடனிருக்கும்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. தஞ்சை மாவட்டத்திற் பிறந்த எசு. கிருட்டினசாமி ஐயங்கார், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் முதற் பேராசிரியரானார். வெளியூரில் வாழ்ந்த தமிழர் ஒருவர், தென்னாட்டு வரலாற்றை உலகறியச் செய்தோருள் ஒருவராக விளங்கினார். அத்தகையோர் இன்றும் நம்மிடையே தோன்றலாம். தோன்றுதற்குத் தூண்டுகோல் வேண்டும்.

ஆதலின், வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் ஒரு வரலாற்றுக் கட்டுரைப் பரிசு வைத்தல் நலம். விழாச் செலவில் ஒரு சிறு பகுதியே அதற்குப் போதும். பொருள், மாணவர் வாழும் வட்டத்து வரலாறாக இருத்தல் வேண்டும். கல்லையோ ஏரியையோ கோயிலையோ நேரிற் கண்டு எழுதுதல் வேண்டும். அச்சிட்ட பாடத்தோடு ஒப்பிட்டுக் காட்டுதல் வேண்டும். தமிழிலும் எழுதலாம், கன்னடத்திலும் எழுதலாம். எழுதியவர் பெயரை மறைத்தே நடுவரிடம் கட்டுரையைத் தருதல் முறை. பரிசை இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியைப் பயணச் செலவுக்கென முன்கூட்டியே அளித்தல் இன்னும் சிறப்பு. கையிற் பொருளில்லாத தொழிலாளி மகளும் போட்டியிற் கலந்துகொள்ள அதுவே வழி.

இதனை நாளை பார்ப்போம் என்று ஒத்திவைத்தற்கில்லை. வயல்கள் மனைகளாகின்றன, ஏரிக்கரைகள் சாலைகளாகின்றன. கேட்பாரற்ற கல் அடித்தளத்திற் புதையும். அல்லது துணி துவைக்கும் பலகையாகும். பெங்களூரின் மிதிக் சங்கம் 2021 முதல் இப்பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையிற் படமெடுத்துக் காத்து வருகின்றது. பாராட்டத்தக்க பணி அது. ஆயினும், படமெடுத்த எழுத்தைப் படிப்பதற்கும் ஆள் வேண்டும். நம் பிள்ளைகளுட் சிலர் வீட்டிலே தமிழ் பேசுவர், எழுத்தறியார். கன்னடத்தைப் பள்ளியிற் கற்ற அவர்கள் தமிழெழுத்தையும் கற்பாராயின், இவ்வட்டத்துக் கற்கள் இரண்டு வகையும் அவர்களுக்குத் திறந்த ஏடாகும். ஒரு கட்டுரைப் பரிசு அதற்கு முதற் படியாக அமையுமாயின், அப்பொருள் நற்செலவே என்பதில் ஐயமில்லை.