மொரீசியஸ்: பொருளாதார வளர்ச்சி
மொரீசியஸ், இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில் ஏறத்தாழ 2,040 சதுர கி.மீ. பரப்பில் அமைந்த, கரும்பை மட்டும் நம்பியிருந்து பல தொழில்களுக்கு மாறிய சிறு தீவு நாடு.

1968இல் விடுதலை பெற்றபோது அதன் ஏற்றுமதி பெரும்பாலும் சர்க்கரையே. பெருகும் மக்கள்தொகைக்கு வேலை கிடைக்காது என்று பொருளியலறிஞர் ஜேம்ஸ் மீட் 1961இலேயே அஞ்சினார். அது பலிக்கவில்லை.

1970ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுமதி ஆலைகளுக்கு வரிச்சலுகையும், இறக்குமதி மூலப்பொருள்களுக்குச் சுங்க விலக்கும் அளித்தது. ஹாங்காங் முதலீட்டில் ஆடை ஆலைகள் எழுந்தன. பெண்கள் பெருந்திரளாக வேலைக்கு வந்தனர். 1975இல் ஐரோப்பிய நாடுகளுடன் செய்துகொண்ட லோமே ஒப்பந்தம் ஐரோப்பியச் சந்தையில் சர்க்கரைக்கு உறுதியான விலை தந்தது. பிஜி, ஜமைக்கா போன்ற தீவுகளும் இச்சலுகையைப் பெற்றன. ஆனால் மொரீசியஸில் தோட்ட முதலாளிகளின் லாபம் உள்நாட்டு ஆலைகளிலும் கடற்கரை விடுதிகளிலும் முதலீடானது. வளர்ச்சியின் சூட்சுமம் பெரிதும் இங்கேதான் இருக்கிறது. 1982இல் தேர்தல் வழியே அமைதியாக ஆட்சி மாறியதும் முதலீட்டாளர் நம்பிக்கைக்குத் துணைநின்றது.

பெரிய நாடுகளின் ஆடை ஏற்றுமதிக்கு வரம்பு விதித்து மொரீசியஸ் போன்ற நாடுகளுக்கு இடமளித்த உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2005இல் முடிவுற்றது. தொடர்ந்து ஐரோப்பா சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்தது. சுற்றுலா, நிதிச் சேவை, எபேன் நகரின் தகவல் தொழில்நுட்பம் ஆகியவை அந்த இழப்பைத் தாங்கின.

2020இல் உலக வங்கி மொரீசியஸை உயர்வருவாய் நாடாக வகைப்படுத்தியது. கொரோனாவால் சுற்றுலா முடங்க, மறு ஆண்டே அத்தகுதி பறிபோனது.