காஹாங் தோட்டப்புறத்தில் தூக்க மூச்சடைப்பு: யாருடைய அளவுகோலால் அளப்பது?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் கூட்டரசுச் சாலை 50-இல், இருபுறமும் செம்பனை சூழ வருகிற சிற்றூர் காஹாங். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் கம்போங் பெத்தாவை நோக்கித் திரும்பும் இடம் என்பதால் பயணக் கையேடுகளில் அதன் பெயர் அடிபடும். இக்கட்டுரைக்கு அவ்வூர் வேறு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது. தோட்ட வேலை, லாரி ஓட்டம், விடியுமுன் எழும் பழக்கம், சர்க்கரை நோய் ஆகியவை ஒரே வீட்டுக்குள் கூடியிருக்கும் ஜோகூர் உள்நாட்டுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் குளுவாங்கிலுள்ள என்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ஸ்லீப் அப்னியா எனப்படும் தூக்க மூச்சடைப்புக்கு உலகெங்கும் ஓர் ஆபத்துப் பட்டியல் புழங்குகிறது. அந்தப் பட்டியலில் தவறில்லை. அதிலுள்ள எண்களும் முன்னுரிமையும்தான் வேறு உடல்களையும் வேறு வாழ்க்கையையும் பார்த்து எழுதப்பட்டவை. அதைத் திருத்தாமல் தோட்டப்புறத்துக்குக் கொண்டுவந்தால், பிடிபட வேண்டியவர்களில் பலர் சல்லடைக் கண் வழியே நழுவிவிடுவார்கள் என்பதே என் வாதம்.

முதலில் ஒரு வகைப்பாட்டுச் சிக்கல். இந்நோயைப் பக்கவாதம், வலிப்பு, நடுக்குவாதம் ஆகியவற்றோடு நரம்பியல் அட்டவணையில் சேர்ப்பவர்கள் உண்டு. தொண்டை அடைபடுவதை மூளையோடு ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. விடை தொண்டையின் அமைப்பிலேயே இருக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரை உள்ள காற்றுவழிக்கு எலும்புச் சட்டம் கிடையாது. அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகள். அவற்றுள் முதன்மையானது நாக்கை முன்னுக்கு இழுக்கும் தசை. குறுகிய தொண்டை உள்ளவர் விழித்திருக்கும்போது மூளை அந்தத் தசையை இயல்பைவிடக் கூடுதலாக முடுக்கி வழியைக் காக்கிறது என்று 1992-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். தூங்கியதும் அந்தக் கூடுதல் முடுக்கம் விலகுகிறது, நாக்கு பின்னுக்குச் சரிகிறது, மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி விழித்து வழியைத் திறக்கிறது. ஒரு மணி நேரத்தில் இப்படி 5 முறைக்கு மேல் நேர்ந்தால் நோய், 15-ஐத் தாண்டினால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை என்பது கணக்கு. டேனி எக்கர்ட் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளில் 69 விழுக்காட்டினரிடம் தொண்டையின் வடிவம் தவிர வேறு கோளாறும் இருந்தது: சிறு தடைக்கே விழித்துக்கொள்ளும் மூளை, மூச்சை மட்டுமீறித் திருத்தும் மூளை, தசையைத் தூக்கத்தில் எழுப்பத் தவறும் மூளை. ஆகவே இதை நரம்பியலோடு வைத்துப் பேசுவதில் பிழையில்லை.

இந்த நோயாளி என்றதும் பொதுப் புத்தியில் எழும் உருவம் பெரும்பருமனானவர். டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய பிக்விக் கதையில் சதா தூங்கி வழியும் தடித்த பையன் ஒருவன் வருகிறான். 1956-இல் மருத்துவர்கள் உடற்பருமனோடு வரும் மூச்சுக் குறைபாட்டுக்கு அக்கதையின் பெயரையே சூட்டினார்கள். நமக்குக் கும்பகர்ணன். இந்தச் சித்திரங்கள் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல என்பது என் எண்ணம்.

பருமன் முதன்மைக் காரணி என்பதில் ஐயமில்லை. விஸ்கான்சின் தொடராய்வில் உடல் எடை 10 விழுக்காடு கூடியவர்களுக்கு மூச்சு நிற்கும் எண்ணிக்கை ஏறத்தாழ 32 விழுக்காடு உயர்ந்தது. கேள்வி, எவ்வளவு பருமன் என்பது. டொராண்டோவின் பிரான்சிஸ் சங் 2008-இல் வகுத்த ‘ஸ்டாப்-பேங்’ வினாப்பட்டியல்தான் இன்று அறுவை சிகிச்சைக்கு முன்னும் வெளிநோயாளர் பிரிவிலும் பரவலாகக் கையாளப்படுவது. குறட்டை, பகல் களைப்பு, பிறர் கண்ட மூச்சு நிறுத்தம், இரத்த அழுத்தம், உடல் நிறை எண் 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என எட்டு. இதில் 35 என்ற எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் அந்த எண்ணைத் தொட வேண்டுமானால் 95 கிலோ இருக்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் அப்படி எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து கூடுகிறது, 27.5-லிருந்து மிகுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் சொன்னது. மலேசியாவும் உடற்பருமனுக்கு 27.5-ஐ எல்லையாக வைத்திருக்கிறது. அதே உயரக்காரருக்கு அது 75 கிலோ. இடைப்பட்ட 20 கிலோவில்தான் நம்முடைய நோயாளிகள் இருக்கிறார்கள். தாடை சற்று உள்வாங்கிய முகம், சிறிய வாய்க்கூடு, தொப்பையில் மட்டும் சேர்ந்த கொழுப்பு. சட்டை போட்டால் ஒல்லியாகவே தெரிவார்.

எண்களும் இதற்கு ஒத்தே வருகின்றன. மும்பையில் உத்வாடியா குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நடுவயது நகர ஆண்களில் 19.5 விழுக்காட்டினருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. பகல் தூக்கமும் சேர்ந்தவர்கள் 7.5 விழுக்காடு. அமெரிக்காவில் விஸ்கான்சின் கண்ட அளவு ஆண்களில் 4 விழுக்காடுதான். சென்னை நகர-கிராம நோய்ப்பரவல் ஆய்வில் குறட்டை விடுபவர்கள் 40 விழுக்காடு. மலேசியாவில் 30 முதல் 70 வயது வரையுள்ளவர்களிடம் வினாத்தாள் வழி நடத்தி 2007-இல் வெளிவந்த ஆய்வோ வழக்கமாகக் குறட்டை விடுவோரை 47.3 விழுக்காடு என்றும், நோய் இருப்பதாகக் கருதத்தக்கவர்களை 7 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. வினாத்தாளையும் இரவு முழுக்கக் கருவி மாட்டி எடுத்த அளவையும் நேருக்குநேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் திசை தெளிவு. இத்துடன் 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களிடையே சர்க்கரை நோய் 31 விழுக்காட்டை ஒட்டியிருந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயும் மூச்சடைப்பும் ஒன்றையொன்று மோசமாக்குபவை. தொண்டை நரம்புகளை முன்னது பழுதாக்கக்கூடும், இன்சுலின் செயல்பாட்டைப் பின்னது கெடுக்கிறது.

பட்டியலில் கடைசியில் கிடக்கும் மதுவைத் தோட்டப்புறத்தில் மேலே கொண்டுவர வேண்டும். தோட்டக் கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்திய காலமும், 1946-47இல் கெடாவில் தொண்டர் படை அதை எதிர்த்துக் கிளம்பியதும் வரலாறு. கள் போய் மலிவுச் சாராயமான சம்சு வந்தது. படுக்கப் போகுமுன் குடிப்பவருக்கு நாக்கை இழுத்துப் பிடிக்கும் நரம்பின் முடுக்கம் தளர்கிறது. மூளை விழித்துக் காப்பாற்றுவதும் தாமதமாகிறது. குடிப்பவர்களுக்கு இந்நோயின் ஆபத்து கால் பங்கு கூடுதல் என்கின்றன தொகுப்பாய்வுகள். இதில் ஒரு சமூகக் கேடும் உண்டு. காலையில் தலைவலியோடும் சிவந்த கண்ணோடும் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு வந்து நிற்பவரைப் பார்த்து “ராத்திரி ஏத்திட்டு வந்துட்டான்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். குடிக்காதவருக்கும் அதே பெயர்தான். மூச்சடைப்பின் காலைத் தலைவலி அந்தப் பெயருக்கடியில் புதைந்துபோகிறது.

பகல் தூக்கத்தைக் கேட்டறிவதிலும் இதே வில்லங்கம். இருட்டோடு எழுந்து வெயிலில் உழைப்பவரிடம் “பகலில் களைப்பாக இருக்கிறதா?” என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்? “உழைச்ச உடம்பு, அசதி இருக்கத்தானே செய்யும்” என்பதே பதில். கேள்வியை மாற்ற வேண்டும்: ஓய்வு நாளில் ஆசைதீரத் தூங்கிய பிறகும் அசதி போகவில்லையா? கோயிலில் உட்கார்ந்தபடி, பேருந்தில் நின்றபடி கண் செருகுகிறதா? லாரிக்காரரிடம் கேட்க வேண்டியது இன்னொன்று: சாலையோரக் கோட்டின் மேல் சக்கரம் ஏறிய சத்தத்தில் திடுக்கிட்டு விழித்ததுண்டா? ஸ்பெயினில் 1999-இல் வந்த ஆய்வில், மணிக்கு 10 முறைக்கு மேல் மூச்சு நின்றவர்கள் சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு 6 மடங்குக்கு மேல். செம்பனைக் குலை லாரியும் மெர்சிங் போகும் குடும்பக் காரும் எதிரெதிரே ஓடும் இருவழிச் சாலைக்கு இந்த எண் பொருத்தமற்றதல்ல.

பெண்களைப் பற்றி இன்னும் கூடுதலாக எழுத வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஆபத்து வேகமாக ஏறுகிறது. ஆனால் பெண்கள் குறட்டையைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கமின்மை, உடல்வலி, மனச்சோர்வு என்று வருகிறார்கள், தூக்க மாத்திரையோடு திரும்புகிறார்கள். ஆணுக்கு மூச்சு நிற்பதை விழித்திருந்து பார்க்க மனைவி இருக்கிறார். மனைவிக்கு நிற்பதைப் பார்க்க வேண்டியவர் பக்கத்தில் அயர்ந்து தூங்குகிறார்.

மூளைக்கு நேரும் சேதத்தைப் பார்ப்போம். யேல் பல்கலைக்கழகத்தில் 1,022 பேரைத் தொடர்ந்து 2005-இல் வெளியான ஆய்வில், வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை முதலியவற்றைக் கழித்த பிறகும், இந்நோயாளிகளுக்குப் பக்கவாதமோ மரணமோ நேரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. முதிய பெண்களிடம் நடத்தி 2011-இல் வந்த கிறிஸ்டின் யாஃபியின் ஆய்வு, மூச்சுக் கோளாறு உள்ளவர்களில் 44.8 விழுக்காட்டினர் பிற்பாடு நினைவு மங்கலையோ மறதி நோயையோ அடைந்ததைக் கண்டது. கோளாறு இல்லாதவர்களில் 31.1 விழுக்காடு. அப்படியானால் நோயைச் சரிசெய்தால் பக்கவாதம் குறைய வேண்டுமே என்று கேட்பது நியாயம். இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,717 பேரை வைத்து நடந்து 2016-இல் முடிவு வெளியிட்ட ‘சேவ்’ சோதனை அப்படிக் குறையவில்லை என்றே சொன்னது. என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று அது. ஆனால் அச்சோதனையில், தொண்டை அடைபடாமல் காற்றை அழுத்திச் செலுத்தும் காற்றழுத்தக் கருவியை நோயாளிகள் இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரமே மாட்டியிருந்தார்கள். பகல் தூக்கம் கடுமையாக உள்ளவர்கள் சேர்க்கப்படவேயில்லை. அரை மருந்து குடித்தவருக்கு நோய் தீராததை வைத்து மருந்தைத் தள்ளுவதற்கில்லை. பக்கவாதம் முழுவதையும் மூச்சடைப்பின் தலையில் கட்டுவதற்கும் இல்லை.

தோட்டத்துக்கே உரிய இன்னொரு காரணி, மருந்தடிப்பு. பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2002-இல் தடைசெய்ய முடிவெடுத்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடுத்தது. முதல் தடை வந்த அதே 2002-இல் ஐரின் பெர்னாண்டசின் தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருந்தது. அமெரிக்க விவசாயிகளிடம் கேரலின் டானர் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்கு நடுக்குவாத வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்றது. இதிலிருந்து பூச்சிமருந்தால் மூச்சடைப்பும் வருகிறது என்று தாவிவிடக் கூடாது. அமெரிக்க விவசாயிகளிடம் கார்போபியூரானுக்கு அப்படியொரு தொடர்பு தென்பட்டிருந்தாலும் சான்று மெலிது. எனக்கு முக்கியமாகப் படுவது நோயறிதலில் வரும் குழப்பம். நடுக்குவாதத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே சிலர் கனவு காணும்போது கத்துவதும் உதைப்பதுமாக இருப்பார்கள். கடுமையான மூச்சடைப்பும் அச்சு அசலாக அப்படியே நடிக்கும் என்றும், காற்றழுத்தக் கருவி மாட்டியதும் அது அடங்கும் என்றும் 2005-இல் பார்சலோனா ஆய்வாளர்கள் காட்டினார்கள். பத்து வருடம் மருந்தடித்த ஒருவர் இரவில் உதைக்கிறார் என்றால் இரண்டில் எது என்று பிரித்தறியத் தூக்கப் பரிசோதனை தவிர வழியில்லை. “பேய் பிடிச்சிருக்கு” என்று மந்திரிக்கப் போவதும், வயதானால் அப்படித்தான் என்று விடுவதும் இரண்டு நோயையும் ஒருசேரத் தவறவிடும்.

சிகிச்சை இருக்கிறது. காலின் சல்லிவன் 1981-இல் சிட்னியில் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவி இன்றும் முதல் தெரிவு. உடற்பருமனோடு இந்நோய் உள்ளவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. எடையைக் குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் செலவில்லாதவை. தடங்கல் கண்டுபிடிப்பதில்தான். அதற்கான வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது: 2013-இல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ தொடங்கிய 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர் பரிசோதனையும், வருமானம் குறைந்தோருக்காக 2019-இல் வந்த பெக்கா பி40 திட்டமும் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கின்றன. அதே மேசையில் கழுத்தைச் சுற்றி ஒரு நாடா பிடிக்கலாம். உடல் நிறை எண்ணின் எல்லையை 27.5-ஆக வைக்கலாம், படுக்கைத் துணையிடம், தமிழருக்குத் தமிழிலேயே, மூச்சு நிற்கிறதா என்று கேட்கலாம். லாரி, பேருந்து ஓட்டுநருக்கு இதைக் கட்டாயமாக்கலாம். நோய் கண்டால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்த ஓட்டுநரும் உண்மை சொல்ல மாட்டார் என்பதால், சிகிச்சை எடுப்பவரின் உரிமத்துக்குப் பாதுகாப்பு தரும் விதியும் கூடவே வேண்டும்.

வீட்டார் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. “குறட்டை விட்டு நிம்மதியாத் தூங்குறாரு” என்று நினைக்கிற ஆளின் பக்கத்தில் ஓரிரவு விழித்திருந்து கவனியுங்கள். குறட்டை சட்டென்று நின்று, மார்பு மட்டும் காற்றில்லாமல் ஏறி இறங்கி, பத்து விநாடியோ அதற்கு மேலோ கழித்து ஒரு செருமலோடு மூச்சு திரும்பினால், அதைக் கைப்பேசியில் படமெடுத்து அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள்.