ராஜபாளைய நாயின் வெண்மையும் முன்னோர் வரிசையும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ராஜபாளையம், ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜு சமூகத்தவரால் பெருகி வளர்ந்த ஊராகும். அவர்களும் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பேணிவந்த, பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட உயரமான நாய்க்கே அவ்வூரின் பெயர் நிலைத்தது. அதே மாவட்டத்தின் கரிசல் பூமியில், முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்று வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை நாயோ மெலிந்த உடலும் ஒட்டிய வயிறும் உடையது. ஒரே மாவட்டத்தில் இப்படி இருவேறு உருவங்கள் அமைந்ததற்கு, ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த நாயை எதனுடன் சேர்ப்பது என்று வளர்த்தவர்கள் எடுத்த முடிவே காரணம்.

அம்முடிவுகள் ஏட்டில் எழுதப்படவில்லை. எந்த வீட்டுப் பெட்டை, எந்தத் தோட்டத்து ஆண் நாய், எது பன்றிக்கு முன் பின்வாங்காமல் நின்றது என்பன நினைவில் மட்டுமே இருந்தன. இங்கிலாந்தில் 1873இல் கென்னல் கிளப் தோன்றிய பிறகே, ஒரு நாயின் பெற்றோர், பாட்டன் பாட்டி, அவர்களுக்கு முந்தையோர் ஆகியோரை வரிசைப்படுத்தும் வம்சாவளிப் பதிவேடு முறையாக உருப்பெற்றது. அத்தகைய பதிவுகளைக் கொண்டே, எவரெட் மில்லே வளர்த்த பாசெட் ஹவுண்ட் நாய்களின் நிறத்தை ஆராய்ந்த அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், 1897இல் ஒரு விதியை முன்வைத்தார்: ஒரு குட்டியின் இயல்பில் பெற்றோர் இருவரும் சேர்ந்து பாதியையும், பாட்டன் பாட்டியர் நால்வரும் சேர்ந்து கால் பங்கையும், அதற்கு முந்தைய எண்மரும் அரைக்கால் பங்கையும் தருகின்றனர் என்பது அது. 1900இல் மெண்டலின் மரபியல் ஆய்வு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது இவ்விதி ஆட்டம் கண்டது. குட்டிக்குக் கிடைப்பது தாயிடமிருந்து 39, தந்தையிடமிருந்து 39 என்ற குரோமோசோம்களே; பாட்டன் தரும் பங்கு சராசரியாகக் கால் பங்கு என்றாலும், ஒரே ஈற்றில் பிறந்த இரு குட்டிகளுக்குள்ளேயே அது கூடியும் குறைந்தும் அமையும். ஆகவே புகழ்பெற்ற முன்னோரின் பெயர் சான்றிதழில் இருப்பதனாலேயே அதன் குணம் குட்டியிடம் வந்து சேர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

பெயர் எத்தனை முறை வருகிறது என்பதே முக்கியமானது. நான்கு தலைமுறை வம்சாவளியில் 30 இடங்கள் உண்டு. சிறு வட்டாரத்துக்குள் வளரும் இனத்தில் அந்த 30 இடங்களிலும் 30 வேறு நாய்கள் நிற்பதில்லை. தந்தை வழியிலும் தாய் வழியிலும் ஒரே நாய் பாட்டனாக வந்தால், குட்டியிடம் உள்ள ஏதேனும் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் அந்த நாயிடமிருந்த ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று, அதாவது 12.5 விழுக்காடு. உடன்பிறந்த இரண்டைச் சேர்த்தால் அது 25 விழுக்காடாகிறது. 1922இல் மரபியலாளர் சூவல் ரைட் வகுத்த இந்த அளவீடு, உள்ளினச்சேர்க்கைக் கெழு எனப்படும். ஒரு பிரதியாக இருக்கும்வரை வெளியே தெரியாத ஒடுங்கு மரபணுக் குறைகள், இரு பிரதிகளாகச் சேரும்போதுதான் நோயாகத் தலைகாட்டுகின்றன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியபின், ராஜபாளைய நாயைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலாகத் திறமையைவிட நிறமே மேலோங்கியது. கறுப்போ பழுப்போ கலந்த குட்டிகள் முன்பும் பிறந்ததுண்டு. தூய வெள்ளையை விரும்பியவர்கள் அவற்றை ஒதுக்கினர், பிறந்தவுடனேயே அழித்ததும் உண்டு. இவ்வினத்தின் வரலாற்றில் நேர்ந்த பெரும் இழப்பு இதுவே. ஏனெனில், உட்காதில் ஒலியை உணரும் காக்ளியா என்னும் உறுப்பு இயங்குவதற்கு நிறமிச் செல்கள் தேவைப்படுகின்றன. வெள்ளை நிறம் மிகுந்த நாய்களில் அச்செல்கள் அங்கே போய்ச் சேராதபோது, பிறந்த சில வாரங்களுக்குள் அவ்வுறுப்பு சிதைந்து குட்டி செவிடாகிறது. டால்மேஷியன் இனத்தில் உடலில் நிறத்திட்டு உள்ள குட்டிகளிடம் செவிட்டுத்தன்மை குறைவு என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ராஜபாளையத்திலும் வெள்ளைக் குட்டிகள் பல செவிடாவது வளர்ப்போர் அறிந்த செய்தியே. ஒரு காது மட்டும் கேளாத நாய் கைதட்டினால் திரும்பிப் பார்க்கும் என்பதால், குறை தெரியாமலேயே அது பொலி நாயாகி அடுத்த தலைமுறைக்கு முன்னோராகிவிடுகிறது.

2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளைய நாயையும் சிப்பிப்பாறையையும், கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இந்திய இனங்களாகப் பதிவு செய்துள்ளது. பதிவு பெயரைக் காக்கும்; இனத்தைக் காக்கும் பொறுப்பு வளர்ப்போரிடமும் வாங்குவோரிடமும் உள்ளது. குட்டி வாங்குவோர், இரு பக்கத்து முன்னோர் பெயர்களையும் கேட்டு, ஒரே பெயர் திரும்ப வருகிறதா என்று பார்த்து, பெற்றோர் இரண்டுக்கும் இரு காதுகளும் கேட்கின்றன என்பதற்கான கருவிப் பரிசோதனைச் சான்றையும் கேட்டுப் பெற வேண்டும். திட்டு விழுந்த குட்டியை எவரும் ஒதுக்கிவிடக் கூடாது.