நம்பமுடியாதது என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘இன்கிறெடிபிள்’ என்றொரு பெயரடை உண்டு. ‘நம்பு’ என்று பொருள்படும் இலத்தீன் வினையொன்றின் வழி வந்தது. முதற்பொருள் ‘நம்பத்தகாதது’. காலப்போக்கில் வியப்பையும் மெச்சுதலையும் குறிக்கலாயிற்று. 2002இல் இந்திய அரசு உல்லாசப் பயணிகளை அழைக்க இச்சொல்லைத் தன் நாட்டுப் பெயரின் முன்னே சூட்டியபோது, அந்நாட்டை நம்பாதீர்கள் என்று எவரும் பொருள்கொள்ளவில்லை. இன்று நல்லதொரு தேநீருக்கும் அதே சொல்தான்!

செய்தியை மொழிபெயர்ப்போருக்கு இடர் இங்கேதான். ‘நம்பமுடியாத’ என்றால் அது வியப்பாகவும் இருக்கலாம், ஐயமாகவும் இருக்கலாம். ‘நம்பத்தகாத’ என்று எழுதிவிட்டாலோ, சொன்னவர் பொய்யராகிவிடுகிறார்.

முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று இரண்டையும் அறிந்த ஊர். அயலிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலையொட்டி, வைகாசியில் கடல்நீரில் விளக்கெரிப்பர். அது வியப்பின் பாற்பட்டது. அடியார்கள் அதனை ஐயுறுவதில்லை.

மற்றது வேறு. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்த ஊர் அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். தண்ணீரூற்று முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோரிற் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். நம்மவரிற் சிலர் இதனை இன்றும் ‘நம்பமுடியவில்லை’ என்று சொல்லிக் கடந்துபோவதுண்டு. அச்சொல்லில் வியப்பு எவ்வளவு, தட்டிக்கழித்தல் எவ்வளவு என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

2009இன் தொடக்கத்தில், வன்னியில் எஞ்சியிருந்தோர் எழுபதினாயிரம் பேரளவில்தான் என்றது அரசு. அதிலும் கூடுதலானோர் உள்ளே சிக்கியிருப்பதாக அங்கிருந்து வந்த குரல்கள் மிகையென ஒதுக்கப்பட்டன. மே மாத இறுதியில் முகாம்களில் அடைபட்டோர் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். எந்த எண் நம்பத்தகாததாக இருந்தது என்பதை வாசகர் முடிவு செய்யட்டும்.

2011இல் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, இறுதிப் போர் குறித்த தன் அறிக்கையில் இச்சொல்லின் மறுதலையைப் பழைய கண்டிப்போடு எடுத்தாண்டது: ‘கிறெடிபிள்’. அரசு, புலிகள் ஆகிய இரு தரப்பினர் மீதான குற்றச்சாட்டுகளையும் அது அவ்வாறே குறித்தது. நிகழ்ந்ததென நம்புவதற்கு நியாயமான அடிப்படை உண்டு என்பதே அதன் பொருள். அதனைத் தமிழில் ‘நிரூபிக்கப்பட்ட’ என்று எழுதினால் மிகை; ‘கூறப்படும்’ என்று எழுதினால் குறை. ‘நம்பகமான’ என்பதே சரி.