டன்னுக்கு 5 சென்ட்

1946 ஏப்ரலில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சுமார் 4 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டும் அல்ல. கம்பெனி ஊர்களில் டாக்டரும் கம்பெனி ஆள்தான். அவருக்கான பணம் மட்டும் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கப்படும். எங்களுக்கென்று ஒரு மருத்துவ நிதி வேண்டும் என்றது யூனியன்.

மே மாதம் ட்ரூமன் அரசு சுரங்கங்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. மே 29 அன்று அமைச்சர் ஜூலியஸ் க்ரூக்கும் யூனியன் தலைவர் ஜான் எல். லூயிஸும் வெள்ளை மாளிகையில் கையெழுத்துப் போட்டார்கள். வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 5 சென்ட், தொழிலாளர் நல நிதிக்கு.

இதுல கவனிக்க வேண்டியது கணக்கிடும் முறை. தலைக்கு இவ்வளவு என்றால், ஆள் குறையும்போது பணமும் குறையும். டன்னுக்கு இவ்வளவு என்றால், மெஷின் வெட்டினாலும் நிதிக்குப் பணம் வரும். 1950-ல் இயந்திரமயத்தை லூயிஸ் எதிர்க்காமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1952-ல் அந்த 5 சென்ட் 40 ஆனது. கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மலைகளில் 10 மருத்துவமனைகள் எழுந்தன.

ஆனா எண்ணெயும் எரிவாயுவும் வந்து நிலக்கரிச் சந்தையைச் சுருக்கின. 20 ஆண்டுகளுக்குள் வேலையிடங்கள் பாதிக்கும் கீழே போயின. மருத்துவமனைகள் கைமாறின. நீண்டநாள் வேலையில்லாமல் இருந்தவர்களின் மருத்துவ அட்டைகளை நிதியே ரத்து செய்தது. டன்னை நம்பிய கணக்கு, டன் குறைந்ததும் ஆட்டம் கண்டது.

அடுத்து கம்பெனிகளின் முறை. 1988-ல் பிட்ஸ்டன் என்ற கம்பெனி, ஓய்வுபெற்றவர்கள், விதவைகள், ஊனமுற்றவர்கள் என சுமார் 1,500 பேரின் மருத்துவ உதவியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு தொடங்கிய வேலைநிறுத்தம் 1990 பிப்ரவரி வரை நீடித்தது. அதன் விளைவாக 1992-ல் ஒரு சட்டம் வந்தது: வாக்குக் கொடுத்த கம்பெனிதான் பணம் கட்ட வேண்டும். கம்பெனியே இல்லாமல் போனவர்களுக்கு? கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீரமைக்க டன்னுக்கு இவ்வளவு என்று வசூலித்த நிதியின் வட்டி. மறுபடியும் டன்தான்!

கம்பெனிகள் வேறு வழி பார்த்தன. 2007-ல் பீபாடி தன் சுரங்கங்கள் சிலவற்றையும், கூடவே ஓய்வுபெற்றோர் சுமையையும் பேட்ரியாட் என்ற புதுக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. 2012-ல் பேட்ரியாட் திவால். அந்தக் கம்பெனியின் மருத்துவ உதவியை நம்பியிருந்தவர்களில் பெரும்பாலோர் அதில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. யாருக்கோ உழைத்தார்கள், வேறு யாரோ திவாலானார்கள்.

வெள்ளை முடியும், இருமலும், யூனியன் சட்டையுமாக அவர்கள் வாஷிங்டன் போய் நின்றார்கள். உதவி நிற்கப் போகிறது என்று கடிதம் வரும்; நாடாளுமன்றம் சில மாதம் நீட்டிக்கும்; மறுபடியும் கடிதம் வரும். 2017 மே மாதம்தான் 22,000-க்கும் மேற்பட்டோருக்கு நிரந்தர ஏற்பாடு வந்தது, அரசுப் பணத்தில்.

இதைச் சலுகை என்று சொன்னவர்கள் உண்டு. 1946-ன் அந்தத் தாளில் அரசின் கையெழுத்தும் இருக்கிறது. மெஷின் வந்தபோது வேலையை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக வாங்கிய வாக்கு அது. 71 வருஷம் கழித்து வந்து சேர்ந்த பாக்கியை சலுகைன்னு எப்படிச் சொல்றது?