உயரத்துக்கு அஞ்சியவரும் சபைக்கு அஞ்சியவரும்

சட்டம் படித்த இரண்டு இளைஞர்கள். ஒருவருக்கு உயரத்தில் நின்றால் தலை சுற்றும். மற்றவருக்கு நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் நா எழாது. முன்னவர் ஜெர்மானியக் கவிஞர் கதே, பின்னவர் காந்தி. இருபது வயதையொட்டித் தங்களை வாட்டிய பயங்களை இருவருமே தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். பயத்தோடு மல்லுக்கட்டும் இளைஞர்கள் இவ்விருவரையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒருவரை மட்டும் படித்தால் பாதிப் பாடம்தான் கிடைக்கும்.

1770 ஏப்ரலில் சட்டப் படிப்பை முடிக்க ஸ்ட்ராஸ்பூர்க் வந்து சேர்ந்தபோது கதேக்கு வயது 20. லைப்சிக்கில் படிக்கையில் கடும் நோயில் விழுந்து, ஊர் திரும்பி, நெடுநாள் கழித்துத் தேறியவர். பெருஞ்சத்தம் அவருக்கு ஆகாது. நோயாளிகளின் கோலத்தைக் காணச் சகிக்காது. உயரத்திலிருந்து கீழே பார்த்தாலோ தலை கிறுகிறுக்கும். அந்த ஊர்ப் பேராலயத்தின் கோபுரம் 142 மீட்டர், அன்றைக்கு உலகிலேயே உயரமான கட்டடம். அதில் தனியாகவே ஏறினார். உச்சிக்குச் சற்றுக் கீழே, ‘கழுத்து’ என்று சொல்லப்பட்ட இடத்தில் கால்மணி நேரம் போல உட்கார்ந்திருந்தார். அதன் பிறகே திறந்த வெளியில் காலை எடுத்து வைத்தார். நிற்பதற்கு இருந்த இடம் ஏறக்குறைய ஒரு முழச் சதுரம். பிடித்துக்கொள்ளத் தோதாக ஒன்றும் இல்லை. சுற்றிலும் ஊரும் வயல்வெளியும் விரிந்து கிடக்க, தாங்கி நிற்கும் கோபுரம் மட்டும் கண்ணில் படவில்லை.

உயரம் ஒரு பொருட்டாகத் தோன்றாத நாள் வரை அவர் மீண்டும் மீண்டும் ஏறினார். மற்ற பயங்களுக்கும் இதே வைத்தியம்தான். மாலையில் படை முரசுகள் அதிரும்போது அவற்றை ஒட்டியே நடந்தார். உடற்கூறியல் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். இருட்டின் மிரட்சி தீர, இரவில் கல்லறைத் தோட்டங்களுக்குப் போனார்.

இன்றைய மனநலச் சிகிச்சையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. பயந்த இடத்தை விட்டு விலகியதும் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதியில்தான் சிக்கலே இருக்கிறது. ஓடி வந்ததால் பிழைத்தோம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டு, அடுத்த முறை இன்னும் முன்னதாகவே ஓடச் சொல்கிறது. ஓடாமல் இருந்தால், நினைத்த விபரீதம் எதுவும் நடக்கவில்லை என்பது அதற்கு மெல்லப் புரிகிறது. உடலைத் தளர்த்தப் பழக்கி, சிறிய பயத்திலிருந்து பெரிய பயத்துக்குப் படிப்படியாகக் கொண்டுசெல்லும் முறையைத் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசஃப் வோல்ப் 1958இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

கதேயின் கதையை வீரக் கதையாகச் சொல்பவர்கள் அந்தக் கால்மணி நேரத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கழுத்தில் உட்கார்ந்து, பயத்தோடு இருந்து பழகி, தானாக எழுந்து வெளியே வந்தார். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. கிணற்றில் தள்ளிவிட்டால் நீச்சல் வந்துவிடும் என்கிற நம்மூர் வழக்கம் சிலருக்கு நீச்சலைத் தரலாம், சிலருக்கு ஆயுள் முழுக்கத் தண்ணீர்ப் பயத்தையும் தரலாம்.

காந்தியின் பயம் வேறு வகை. 1888இல் லண்டன் போனபோது அவருக்கு 18 வயது. மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம் கிடைத்தது. கூட்டங்களுக்குத் தவறாமல் போனார், ஆனால் வாய் திறக்கவில்லை. ஒருமுறை கருத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதி எடுத்துப் போனார். அதையும் வேறொருவர்தான் படிக்க நேர்ந்தது. வெண்ட்னர் என்ற கடலோர ஊரில் பேச எழுந்தபோது, ஒரு தாள்கூட நிறையாத உரை கையில் இருந்தும் கண் மங்கி உடல் நடுங்கியது. உடன் வந்த மஜ்முதார் படித்து முடித்தார். பாரிஸ்டராகி பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் ஏறிய முதல் வழக்கு மமிபாய் என்ற பெண்ணுடையது, ஃபீஸ் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். ஃபீஸைத் திருப்பித் தந்தார். பட்டேல் என்ற வக்கீல் 51 ரூபாய்க்கு அந்த வழக்கை ஏற்றுக்கொண்டார்.

காந்தி தலைமறைவாகத் திரிந்தவர் அல்ல, எல்லாக் கூட்டத்திலும் இருந்தார். இருந்தும் பயம் ஏன் போகவில்லை? கதேயின் கோபுரத்தை வைத்துப் பார்த்தால் விடை தெரிகிறது. காந்தி மூன்று ஆண்டுகளாகக் கழுத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாயைத் திறப்பது என்ற ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது. இரக்கத்தோடு தாளை வாங்கிப் படித்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அந்த உதவியால் பயம் கரையவில்லை.

அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கோபுரம் யாரையும் எடைபோடுவதில்லை, நூறு முறை ஏறினாலும் அதே கோபுரம்தான். சபை அப்படியல்ல. ‘என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்’ என்பதே அந்தப் பயத்தின் வேர். அப்போது கவனம் முழுக்கத் தன் குரலிலும் நடுக்கத்திலும் போய்ச் சிக்கிக்கொள்கிறது, சொல்ல வந்த விஷயம் தொலைந்துபோகிறது.

காந்தியின் அந்தக் கவனம் வெளியே திரும்பியது 1893இல், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில். இந்திய வணிகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மை பேசுவது பற்றி, முன்னதாகவே தயார்செய்துகொண்டு பேசினார். வாழ்க்கையில் தான் ஆற்றிய முதல் பொதுப் பேச்சு என்று அதைத்தான் குறிப்பிடுகிறார். கூட்டங்கள் தொடர்ந்தன. விரும்பியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முன்வந்தார். ஒரு நாவிதரும் ஒரு குமாஸ்தாவும் ஒரு சிறு கடைக்காரரும் படிக்க வந்தார்கள். எதிரே இருந்தவர்களுக்கு அவர் தேவைப்பட்டார். தான் எப்படித் தெரிகிறோம் என்ற கவலைக்கு அங்கே இடம் குறைவு. ஆனாலும் கூச்சம் முழுதாகப் போய்விடவில்லை என்று பிற்காலத்திலும் ஒப்புக்கொண்டார். கதேயின் தலைச்சுற்றல் போனது போல அது போகவில்லை, அதோடுதான் அவர் ஒரு தேசத்திடம் பேசினார்.

இன்று கல்லூரிகளில் செமினார் நாளன்று ‘உடம்பு சரியில்லை’ என்று விடுப்பு எடுக்கும் பிள்ளைகளும், வைவாவுக்கு முந்தைய இரவு தூங்காத பிள்ளைகளும் பெரும்பாலும் காந்தியின் பக்கம். அவர்களுக்கு நாம் கதேயின் கதையை மட்டும், அதிலும் கால்மணி நேரத்தை வெட்டிவிட்டுச் சொல்கிறோம்: ‘ஏறு, பேசு, சரியாகிவிடும்.’ ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் மூன்று பேர் முன்னால், பிள்ளைகள் தாங்கள் நன்றாக அறிந்த ஒன்றைப் பேசச் சொல்லுங்கள். பிறகு பத்துப் பேர், பிறகு வகுப்பு. அவர்கள் தாளை நீங்கள் வாங்கிப் படிக்காதீர்கள், நடுங்கினால் காத்திருங்கள். பயம் படிப்பையும் தூக்கத்தையும் வேலையையும் தின்னத் தொடங்கினால் அது குணக்கேடு அல்ல, சிகிச்சை உள்ள நோய். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.